பாராஃபார்மால்டிஹைடா, குளிர்ந்த மெத்தனாலா?

கண்ணாடித் துண்டில் வளர்த்த செல்களுக்கு ஒளிரும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பற்றும் மூலக்கூறு) பூசிப் பார்க்கப் போகிறீர்கள். அதற்குமுன் செல்களை எதில் நிலைநிறுத்துவது, அதாவது சிதையாமல் அப்படியே பதப்படுத்துவது?

பாராஃபார்மால்டிஹைடு 4% கரைசலில், அறை வெப்பத்தில் 10 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். அது புரதங்களுக்கு இடையே பாலம் போட்டு, இருந்த இடத்திலேயே பிணைத்துவிடும். செல்லின் வடிவம் அதிகம் குலையாது. கரைசலில் இது ஃபார்மால்டிஹைடாகப் பிரிந்துதான் வேலை செய்கிறது. ஃபார்மால்டிஹைடு திசுவை இறுக்கும் என்பதை 1893-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ப்ளூம் கவனித்தது, தன் விரல்நுனித் தோல் விறைத்துப்போனதைப் பார்த்துத்தான்! (கையுறை மறக்க வேண்டாம், இது புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட.) ஆனால் சவ்வு அப்படியே நிற்பதால், ஆன்டிபாடி உள்ளே போக ட்ரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளைப் போட்டு ஓட்டை போட வேண்டும். ஆன்டிபாடி பற்றவேண்டிய இடத்தையே பாலம் மறைத்துவிடுவதும் உண்டு.

மெத்தனால் நேரெதிர். மைனஸ் 20 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம். நீரை உறிஞ்சிப் புரதத்தைப் படியவைக்கும், கொழுப்பைக் கரைக்கும். தனியாக ஓட்டை போடத் தேவையில்லை. நுண்குழல்களுக்கு (செல்லுக்கு உள்ளே சட்டகமாக நிற்கும் புரதக் குழாய்கள்) என் கை முதலில் இதற்குத்தான் போகும். செல் கொஞ்சம் சுருங்கும், சரி, பரவாயில்லை.

ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) ஒளிர வேண்டுமா, ஆக்டின் என்ற இழைப் புரதத்தை, அதைப் பற்றும் ஃபலாய்டினால் பார்க்க வேண்டுமா? அப்போது மெத்தனால் பக்கமே போகாதீர்கள், இரண்டையும் கெடுத்துவிடும். புது ஆன்டிபாடி என்றால், இரண்டு துண்டுகளில் இரண்டையும் சோதித்துவிடுவேன்.