பெர்னா, ஹைடல்பெர்க்கா? சின்ன ஊர், ஆற்றங்கரை நடை: ஓர் ஒப்பீடு

டூர் குழுவோடு சேராமல் சொந்தமாக ஐரோப்பா கிளம்புகிறவர்கள் முதல் தடவை போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: பத்து நாள், ஐந்து தலைநகரம். பாதி நேரம் ரயில் நிலையத்திலும் மீதி நேரம் வரிசையிலும் போய்விடும். ஒரு சின்ன ஊரில் மூன்று நான்கு இரவு தங்கி, அந்த ஊரைக் கால் சலிக்கச் சுற்றி, ஒரு முழு நாளை ஆற்றங்கரையில் நடக்க ஒதுக்குவது அதைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. அப்படி யோசிப்பவர்கள் கடைசியில் வந்து தடுமாறும் இரண்டு பெயர்கள், சுவிட்சர்லாந்தின் பெர்னும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கும்.

தடுமாறுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒன்றரை லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட ஊர்கள். இரண்டிலும் ஜெர்மன் மொழி. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு இரண்டின் பழைய நகரத்தையும் தரைமட்டமாக்காமல் விட்டது. இரண்டுக்கும் காலடியில் ஆறு. ஆனால் அந்த ஆற்றோடு உங்களுக்கு என்ன உறவு ஏற்படப்போகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. பெர்னில் ஆற்றோடு நடப்பீர்கள். ஹைடல்பெர்க்கில் ஆற்றைப் பார்த்தபடி நடப்பீர்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் ஊர்.

ஹைடல்பெர்க் பார்த்தவுடன் பிடித்துப்போகும் ஊர். நெக்கார் ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நீளமாகக் கிடக்கிறது பழைய நகரம். நடுவே வண்டிகள் வராத ஹௌப்ட்ஷ்ட்ராஸே என்ற கடைத்தெரு, சுமார் 1.6 கிலோமீட்டர். தலைக்கு மேலே சிவப்பு மணற்கல்லில் பாதி இடிந்த கோட்டை. 1689-லும் 1693-லும் பிரெஞ்சுப் படைகள் அதைத் தகர்த்தன. பிறகு செப்பனிட நினைத்த சமயத்தில், 1764-ல் இடி விழுந்து எரிந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். அந்த இடிபாடுதான் இன்று ஊரின் அடையாளம். 1386-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்றைய ஜெர்மனியிலேயே பழையது. அங்குள்ள தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் தமிழும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பது நம் ஆட்களுக்குக் கூடுதல் ஈர்ப்பு. 1907-ல் கவிஞர் இக்பால் இங்கே தங்கி ஜெர்மன் படித்தார். நெக்கார் கரையின் ஒரு பகுதிக்கு இன்றும் அவர் பெயர்.

குறை என்னவென்றால், இந்த அழகு எல்லோருக்கும் தெரியும். காலை பத்து மணிக்கு மேல் பேருந்துகளிலும் ஆற்றுக் கப்பல்களிலும் வந்திறங்கும் கூட்டம் பழைய பாலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஊரில் தங்குகிறவருக்கு மட்டும் கிடைப்பது காலை ஏழு மணிப் பாலம். அதற்காகவே இங்கே இரவு தங்க வேண்டும். பகலில் வந்து மாலையில் திரும்புவது இந்த ஊருக்குச் செய்யும் அநியாயம்.

பெர்ன் அப்படி முதல் பார்வையில் மயக்காது. 1191-ல் உருவான ஊர். 1405-ல் பெருந்தீயில் மரவீடுகள் எரிந்தபின் சாம்பல் கலந்த பச்சை நிற மணற்கல்லில் எழுந்தது. ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் டிராம் கம்பிகளும் அலுவலகங்களும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் இரண்டாம் நாள் இந்த ஊர் உங்களைப் பிடித்துக்கொள்ளும். கடைகளுக்கு முன்னால் வளைவு வளைவாக ஓடும் மூடிய நடைபாதைகள் மொத்தம் 6 கிலோமீட்டர். மழை கொட்டினாலும் குடை விரிக்காமல் கடைத்தெரு முழுக்கச் சுற்றலாம். நூற்றுக்கும் மேற்பட்ட குழாய் நீரூற்றுகள். குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் தவிர, எல்லாவற்றிலும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். கிராம்காஸே 49-ஆம் எண் வீட்டில் 1903 முதல் 1905 வரை ஐன்ஸ்டைன் குடியிருந்தார். காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இயற்பியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகளில் சிலவற்றை எழுதியது அந்தச் சின்ன வீட்டில் இருந்தபோதுதான். 1983-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊராக இருந்தும், இங்கே மக்கள் வேலைக்குப் போகிறார்கள், காய்கறி வாங்குகிறார்கள், மதியம் சாப்பிட்டுவிட்டு ஆற்றில் குதிக்கிறார்கள். சுற்றுலாக் கூட்டத்தில் பெரும்பகுதி இன்டர்லாக்கனுக்குப் போய்விடுவது பெர்னுக்கு நல்லதாகப் போயிற்று.

இனி நடை. என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான்.

ஆரே ஆறு பனியாறுகளில் பிறந்து, பிரியன்ஸ், தூன் என்ற இரண்டு ஏரிகளுக்குள் புகுந்து வெளியேறி பெர்னுக்கு வருகிறது. முழுக்க சுவிட்சர்லாந்துக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் இதுவே நீளமானது. நீர் பாலில் பச்சை கலந்தாற்போன்ற நிறம். ஊரை மூன்று பக்கமும் சுற்றி வளைந்து ஓடுவதால் பழைய நகரத்தின் எந்தச் சந்திலிருந்து இறங்கினாலும் ஆறு வரும். பேராலயத்தின் மேடையிலிருந்து கீழே மட்டே பகுதிக்கு இறங்க 1897-லிருந்து ஒரு லிஃப்ட் ஓடுகிறது.

நான் சொல்லும் வழி இது: பெர்னிலிருந்து புறநகர் ரயிலில் கால் மணி நேரத்தில் முன்சிங்கன். அங்கிருந்து ஆற்றுக்கு இறங்கி, ஓட்டத்தோடு சேர்ந்து வடக்கே பெர்னை நோக்கி நடப்பது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் ஏற்றமே கிடையாது. மண்ணும் சரளையும் கலந்த பாதை, இரண்டு பக்கமும் மரங்கள், இடையில் கூரை போட்ட ஒரு பழைய மரப்பாலம். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, எத்தனை மணி நேரம், எத்தனை நிமிடம் என்றுதான் இருக்கும். நம் நடை வேகத்துக்கு அதில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். மூரி அருகே குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி, நீரோட்ட விசையிலேயே கரை மாறும் சிறு படகு ஒன்று இருக்கிறது. அது ஓடும் காலத்தில் போனால், தேவை இல்லாவிட்டாலும் ஒரு தடவை அக்கரை போய்வாருங்கள். எல்ஃபெனா என்ற ஆற்றோர இயற்கைக் காப்பகத்தில் பறவைகள். அதைத் தாண்டினால் விலங்குப் பூங்கா. கடைசியில் மார்ட்சிலி குளியல் மைதானம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

கோடையில் இந்த வழியில் நடந்தால் உங்களைத் தாண்டி மனிதர்கள் மிதந்து போவார்கள். துணிமணியை நீர் புகாத பையில் சுருட்டி, அதையே பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே போவார்கள். தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் அடியில் கூழாங்கற்கள் உருளும் சரசரப்பு கேட்கும். கரையில் சிவப்பு வண்ணம் பூசிய இரும்புப் பிடிகள் இருக்கும். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் வெளியேற வேண்டும். தவறவிட்டால் அடுத்தது வரும், ஆனால் கடைசிப் பிடிக்குப் பிறகு தடுப்பணை. ஓட்டம் வேகம், நீர் குளிர். இங்கே மூழ்கி இறப்பவர்கள் உண்டு. நீச்சல் குளத்தில் மட்டும் நீந்திப் பழகியவர்கள் இறங்கவே வேண்டாம். கரையில் நின்று காலை நனைப்பதே போதுமான இன்பம்.

ஹைடல்பெர்க்கில் நிலைமை வேறு. நெக்கார் கப்பல் ஓடும் ஆறு. மன்ஹைமிலிருந்து பிளோகிங்கன் வரை கப்பல்களை ஏற்றி இறக்கும் 27 நீர்ப்பூட்டுகள் கட்டி அதை அடக்கி வைத்திருக்கிறார்கள். சரக்குப் படகுகள் நிதானமாகப் போகும். கரையோரமாகவே போனால் பல இடங்களில் நெடுஞ்சாலைச் சத்தம் கூடவே வரும். அதனால் நல்ல பாதைகள் எல்லாம் மேலே ஏறிவிடுகின்றன. மிகப் பெயர் பெற்றது ஃபிலோசோஃபென்வெக். பழைய பாலத்தைக் கடந்து, சுவர்களுக்கு இடையில் வளைந்து வளைந்து ஏறும் ஷ்லாங்கென்வெக் வழியாகப் போனால் மூச்சு வாங்கும். ஏறியபின் எதிரே கோட்டை, பாலம், ஆறு, கூரைகள் எல்லாம் ஒரே சட்டத்தில். மாலை வெயில் அந்தச் சிவப்புக் கல்லில் விழும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஆனால் இது உலாதான், ஒரு நாள் நடை ஆகாது.

முழு நடை வேண்டுமென்றால் நெக்கார்ஷ்டைக் இருக்கிறது. ஹைடல்பெர்க்கிலிருந்து பாட் விம்ப்ஃபென் வரை நூற்று இருபது கிலோமீட்டருக்கு மேல் போகும் நெடுநடைப் பாதை. அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ரயிலில் நெக்கார்ஷ்டைனாக் போய் இறங்குங்கள். ஒரே ஊரில் நான்கு கோட்டைகள். அவற்றில் ஷாடெக் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால் ஊர்க்காரர்கள் அதைத் தகைவிலான் குருவியின் கூட்டுக்கு ஒப்பிட்டு அழைக்கிறார்கள். இரண்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், மற்ற இரண்டைப் போய்ப் பார்க்கலாம். பிறகு நீர்ப்பூட்டுப் பக்கம் ஆற்றைக் கடந்து, காட்டு வழியே டில்ஸ்பெர்க் ஏற்றம். மலை உச்சியில் மதிலுக்குள் அடங்கிய சின்ன ஊர் அது. அங்கே கோட்டைக் கிணற்றுக்குப் போகும் சுரங்கம் ஒன்றும் உண்டு. இறங்கினால் நெக்கார்கெமுண்ட், ரயில். அரை நாளுக்கும் மேல் ஆகும். முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். கதையும் கோட்டையும் பிடித்தவர்களுக்கு பெர்ன் நடையைவிட இதுதான் இனிக்கும். ஆறு மட்டும் மரங்களுக்கு இடையில் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

நடையில் என் ஓட்டு பெர்னுக்கு. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். சமதளம், நிறைய பெஞ்சுகள், களைத்தால் வழியில் கிளம்பிப்போகப் பேருந்தோ ரயிலோ அதிக தூரத்தில் இருக்காது.

பணம் என்று வந்தால் ஹைடல்பெர்க் தெளிவாக முந்துகிறது. அறை வாடகை, காபி, மதியச் சாப்பாடு, எதை எடுத்தாலும் சுவிட்சர்லாந்தில் விலை கூடுதல். ஆனால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் என்று பயமுறுத்துகிறார்களே, அந்த அளவுக்கு பெர்னில் இல்லை. ஊருக்குள் ஹோட்டலிலோ விடுதியிலோ தங்கினால் தங்கும் நாட்களுக்கு நகரப் போக்குவரத்து இலவசமாகும் பெர்ன் டிக்கெட் கிடைக்கும். முன்சிங்கன் அதற்கு வெளியே, தனி டிக்கெட் எடுக்க வேண்டும். குளியல் மைதானம் இலவசம், குடிநீர் இலவசம், ஊரின் மிக நல்ல அனுபவமான ஆறும் இலவசம். உணவை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் செலவு கைக்குள் நிற்கும். இரண்டு ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் கதி. சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாடு இரண்டிலும் பிரச்சினையில்லை. பெர்னில் நமக்கென்று ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஐரோப்பாபிளாட்ஸில் 2014 இறுதியில் திறந்த சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மையம் ஆகியவற்றோடு ஞானலிங்கேச்சுரர் கோயிலும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் நடத்தும் சைவநெறிக்கூடத்தின் கோயில். தமிழில் வழிபாடு. டிராமில் சில நிமிடம்தான். நடை முடித்த மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

போய்ச் சேர்வதில் பெரிய வேறுபாடு இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து ஹைடல்பெர்க் ஏறக்குறைய ஒரு மணி நேரம், சூரிக் விமான நிலையத்திலிருந்து பெர்ன் ஒன்றேகால் மணி நேரம். ஒன்று கவனியுங்கள்: ஹைடல்பெர்க் ரயில் நிலையம் பழைய நகரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்காமல் டிராமோ பேருந்தோ பிடியுங்கள். பெர்னில் நிலையமே பழைய நகரத்தின் வாசல். இரண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக இரவு தங்கும் நாட்டின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. செருகியில் மட்டும் சுவிட்சர்லாந்து தனி ரகம்: ஃபோன் சார்ஜரின் இரண்டு கம்பி பெரும்பாலும் நுழையும், லேப்டாப்பின் மூன்று கம்பி நுழையாது.

இரண்டையும்விடச் சின்னதாக வேண்டும் என்பவர்களுக்கு லக்சம்பர்க்கின் எக்டர்நாக். 2020 முதல் நாடு முழுக்கப் பொதுப் போக்குவரத்து இலவசம், ஊரிலிருந்தே முல்லர்தால் பாறைப் பிளவுகளுக்கு நடக்கலாம். ஆனால் இரண்டாம் நாள் மழை பெய்தால் செய்வதற்கு அதிகம் இல்லை. மூன்றாம் இடம்தான் தருவேன்.

மிச்சம் இருப்பது காலம். ஆரேயின் அழகு கோடையோடு கட்டுண்டது. ஜூலை, ஆகஸ்ட் என்றால் யோசிக்காமல் பெர்ன். நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் நாள்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும், அப்போது போக வேண்டாம். அக்டோபர் என்றால் ஹைடல்பெர்க்: மலைக்காடு முழுக்க மஞ்சளும் செம்பழுப்பும், நடக்க இதமான குளிர், கூட்டமும் சற்றுக் குறைவு. செப்டம்பரில் விடுப்பு வாங்கியவர்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம், பாசல் வழியாக ரயிலில் பாதி நாள் பயணம்தான். அப்படிச் செய்தால் ஹைடல்பெர்க்கை முதலில் வையுங்கள். விலை குறைந்த ஊரில் பயணக் களைப்பு தீர இரண்டு இரவு, பிறகு பெர்னில் மூன்று. வானிலை அறிக்கை பார்த்து, அந்த மூன்றில் எந்த நாள் வெயிலோ அதை முன்சிங்கனுக்கு விட்டுவிடுங்கள்.