லென்ஸ் குடிக்கும் பேட்டரிக்கு 'போர்டு மாற்றிய' பில்: கொங்கு வட்டார போட்டோகிராபர்கள் கவனத்துக்கு

கோபி பக்கம் கல்யாண வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேனான் 6டி கேமரா, கோவையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போய் 16 நாள் கழித்து 14,500 ரூபாய் பில்லோடு திரும்பியிருக்கிறது. புகார் ஒன்றே ஒன்றுதான். பொழுதோட முழு சார்ஜ் ஏற்றி, ஆஃப் செய்து பையில் வைத்தால், விடியக்காலம் மண்டபத்தில் சீர் தொடங்கும்போது பேட்டரி காலி. பில்லில் 'மெயின் போர்டு மாற்றம், பேட்டரி 1' என்று எழுதியிருக்கிறது. கேமரா வீட்டுக்கு வந்த ராத்திரியே அந்தப் புதுப் பேட்டரியும் இறங்கிவிட்டது. திரும்பக் கேட்டதற்கு, "புது பேட்டரிங்க, செட் ஆக நாலு சார்ஜ் ஆகும்" என்று பதில். லித்தியம் அயான் பேட்டரி முதல் சார்ஜிலிருந்தே ஒழுங்காக நிற்கும். செட் ஆவதற்கு அதில் எதுவும் இல்லை.

கோளாறு அவருடைய 24-105 எஃப்/4 எல் லென்ஸில் இருந்தது. லென்ஸைக் கழற்றி, கேமரா பாடியின் வாயை மூடும் பாடி கேப் மாட்டி வைத்தால் அதே பேட்டரி மூன்று நாள் கழித்தும் முழுசாக நிற்கிறது. கடையில் ஒரே ஒரு ராத்திரி இப்படி வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டும் சொல்லவில்லை.

போர்டு உண்மையில் மாறியதா என்பதும் சந்தேகம்தான். மெனுவில் அவர் போட்டு வைத்திருந்த காப்புரிமைப் பெயர், சொந்தமாகச் சேமித்த சி1, சி2 அமைப்புகள், லென்ஸ் வாரியாகச் செய்த ஃபோகஸ் நுண்திருத்த எண்கள் எல்லாம் ஒட்டுக்கா அப்படியே இருக்கின்றன. மெயின் போர்டு புதிதாக ஏறிய பாடியில் இவை எல்லாம் மிஞ்சியிருப்பது அபூர்வம். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பக்கங்களை மொபைலில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்க. ஷட்டர் எண்ணிக்கையையும் குறித்து வையுங்க.

லென்ஸ் எப்படி பேட்டரியைக் குடிக்கும் என்று கேட்பீர்கள். கேனான் இஎஃப் மவுண்டில், அதாவது லென்ஸ் பூட்டும் இடத்தில், பாடியிலிருந்து லென்ஸுக்கு இரண்டு மின்வழிகள் போகின்றன: மோட்டாருக்கு ஏறத்தாழ 6 வோல்ட், உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு ஏறத்தாழ 5 வோல்ட். ஆஃப் செய்ததும் இரண்டு பக்கமும் உறங்க வேண்டும். லென்ஸ் போர்டில் ஈரம் இறங்கி உப்புப் படிந்தாலோ, உள்ளே மடங்கி மடங்கித் தேயும் ஃப்ளெக்ஸ் கேபிள் ஷார்ட் ஆனாலோ, கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஐஎஸ் பாகம் பூட்டிக்கொள்ளாமல் தவித்துக்கொண்டே இருந்தாலோ மின்சாரம் கசியும். 6டியோடு வரும் எல்பி-இ6 பேட்டரி 1800 எம்ஏஎச். அது பத்து மணி நேரத்தில் தீர்ந்தால் கசிவு சுமார் 180 மில்லி ஆம்ப், அதாவது 1.3 வாட். இவ்வளவு சக்தி எங்கேயாவது சூடாக வெளியே வந்தாக வேண்டும். ஆஃப் செய்து ஓரிரு மணி நேரம் கழித்து, பேட்டரி தீரும் முன் பையைத் திறந்து லென்ஸின் மவுண்ட் பக்கத்தையும் பாடியின் அடியையும் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு இருக்கலாம். ஆஃப் செய்தபின் லென்ஸைக் காதில் வைத்து, மெல்லிய ரீங்காரம் தொடர்ந்து கேட்கிறதா என்றும் பாருங்க. கேட்டால் முதலில் ஐஎஸ்ஸைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் சோதனைக்கு நாலு ராத்திரி போதும். முதல் ராத்திரி முழு சார்ஜ் பேட்டரியை வெளியே வையுங்க. காலையில் மாட்டிப் பார்க்கும்போதே குறைந்திருந்தால் பேட்டரிதான் கெட்டது. போலி எல்பி-இ6 நிறைய புழங்குகிறது. மெனுவில் பேட்டரி விவரம் திறந்தால் ரீசார்ஜ் திறன் மூன்று பச்சைக் கட்டங்களாகத் தெரிய வேண்டும், ஒரே ஒரு சிவப்புக் கட்டம் என்றால் மாற்றுங்க. இரண்டாம் ராத்திரி லென்ஸ் இல்லாமல் பாடி கேப்போடு. மூன்றாவது, சந்தேகப்படும் லென்ஸை ஐஎஸ் ஆஃப், எம்எஃப் (கையால் ஃபோகஸ்) நிலையில் மாட்டி. நாலாவது, வேறொரு லென்ஸோடு. மூன்றாம் ராத்திரி மட்டும் இறங்கினால் பாடியை யாருக்கும் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் 6டியில் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுங்க. அது ஆன் நிலையில் இருந்தால் பவர் சுவிட்சை ஆஃப் செய்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும், மேல் திரையில் அதன் குறி தெரியும். நிக்கானில் மொபைலோடு இணைக்கும் ஸ்னாப்பிரிட்ஜ் இருந்தால், ஆஃப் நிலையிலும் படம் அனுப்பும் அமைப்பை நிறுத்துங்க. பேட்டரி கிரிப் இருந்தால் கழற்றிவிடுங்க.

நம்ம பக்கம் நோம்பி (கோயில் திருவிழா) படம் எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கம்பம் பிடுங்கி மஞ்சள் நீராட்டு நடக்கும் நாளில் தண்ணீர் ஜூம் வளையத்தின் வழியாகவும் மவுண்ட் விளிம்பு வழியாகவும் உள்ளே போகிறது. வெளியே துடைத்துவிட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். இந்தத் தம்பியின் லென்ஸில் பாடியோடு மின்சாரம் கடக்கும், தங்க முலாம் பூசிய காண்டாக்ட் வரிசைக்கு நடுவில் மஞ்சள் கறையும், அதன் மேல் வெள்ளைப் பொடியும் ஏறியிருந்தது. வெளியே இப்படி இருந்தால் உள்ளே போர்டு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்க.

காண்டாக்டைத் துடைக்கும் முன் பேட்டரியை வெளியே எடுத்துவிட வேண்டும். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சு உதிராத துணியில் இரண்டு சொட்டு நனைத்துத் துடைத்து, நன்றாக ஆற விட்டு மாட்டுங்க. ரப்பர் அழிப்பான் வேண்டாம். முலாம் தேயும், துகள் கண்ணாடி அறைக்குள் விழும். உப்புத்தாள் கூடவே கூடாது. பாடிப் பக்கம் உள்ள ஸ்பிரிங் பின் ஒவ்வொன்றையும் பல்குச்சியால் மெல்ல அழுத்தி, திரும்பி வருகிறதா என்று பாருங்க. சிக்மா, டாம்ரான் லென்ஸ் என்றால் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) பழையதாக இருப்பதும் காரணமாகலாம். லென்ஸைக் கணினியோடு இணைக்கும் அந்தந்தக் கம்பெனி டாக்கில் மாட்டி அப்டேட் செய்தால் போதும், எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்க. பேட்டரி வடிவில் வயரோடு இருக்கும் டம்மி பேட்டரி போட்டு டிசி பவர் சப்ளையில் மாட்டி, சுவிட்ச் ஆஃப் நிலையில் ஆம்ப் எண்ணை லென்ஸோடு ஒருமுறை, லென்ஸ் இல்லாமல் ஒருமுறை காட்டச் சொல்லுங்க. ஐந்து நிமிட வேலை. கழற்றியதும் எண் சரிந்தால் கோளாறு லென்ஸில். காட்ட மறுக்கிற கடையில் கேமராவை விட்டுவிட்டு வராதீர்கள். ஜாப் ஷீட்டில் பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், மதிப்பீடு எழுத்தில் வேண்டும், மாற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்க.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். "நீங்க தொழில் பண்றவரு, நுகர்வோர் இல்லை" என்று சில கடைக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(7) பிரிவின் விளக்கம், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரை வணிக நோக்கம் என்ற விலக்கிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பில்லையும் ஜாப் ஷீட்டையும் தொலைத்துவிடாதீர்கள்.

24-105 முதல் பதிப்பு 2005இல் வந்தது. அதனால் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் உதிரிபாகம் கிடைக்கிறதா என்று கேளுங்க. முகூர்த்த நெருக்கடியில் உடனே கொடுக்க முடியாதவர்கள் பந்திக்குப் போகும் நேரத்திலும் ராத்திரியிலும் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்க. காண்டாக்ட் விலகட்டும் என்று லென்ஸைப் பூட்டுத் தளர்த்திப் பாதி திருப்பி வைப்பது வேண்டாம், கழுத்தில் தொங்கும்போது கழன்று விழுந்துவிடும்.