திடீர் திடீரென அணைந்த எங்கள் வீட்டுக் கணினி: ஆறாண்டு அனுபவம்

சிங்கப்பூரில் எங்கள் தெம்பனிஸ் வீட்டில் இருக்கும் மேசைக்கணினியை 2019 ஏப்ரலில் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டி வாங்கினோம். ரைசன் 5 2600 செயலி, பாகங்களை இணைக்கும் பி450 மதர்போர்டு, தற்காலிக நினைவகமான எட்டு ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்டு, கோப்புகளைச் சேமிக்க ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் 500 வாட் பவர் சப்ளை. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆயிற்று. பகலில் நான் தமிழ்த் துணைப்பாட வகுப்புக்கான பயிற்சித்தாள்களைத் தயாரிப்பேன். இரவில் மகள் காணொளி தொகுப்பாள். 2020 ஏப்ரலில் பள்ளிகள் மூடி, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டி வந்தபோது இந்தக் கணினிதான் எங்களுக்குக் கைகொடுத்தது. முதல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட முரண்டு பிடித்ததில்லை.

தொல்லை 2022 பிப்ரவரியில் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு முறை, விண்டோஸ் பிழையால் நிற்கும்போது காட்டும் நீலத் திரை வந்து நின்றது. ஏப்ரலில் அது இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆனது. நடுவில் சில நாள் நீலத் திரைகூட வராமல் விளக்கை அணைத்தாற்போல் பொட்டென்று அணைந்து, தானே மறுபடியும் தொடங்கியது. விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினேன். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன். வைரஸ் தேடினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது போடுங்கள்" என்றார்கள். எப்படித் தெரியும், என்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. பார்த்ததற்கு மட்டும் 60 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். அப்போது கிராபிக்ஸ் கார்டு விற்ற விலைக்கு அவர்கள் வார்த்தையை மட்டும் நம்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கார்டு இன்றுவரை இதே கணினியில் ஓடுகிறது. அதை நினைக்கும்போதெல்லாம், சோதிக்காமல் ஒரு பாகத்தைக் குற்றவாளி ஆக்கும் பழக்கத்தின்மேல் கோபம் வருகிறது.

ஈசூனில் இருக்கும் என் தம்பி தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்கிறான். அவனிடம் புலம்பியபோது முதலில் சொன்னது இதுதான்: "அக்கா, இனிமேல் எதையும் கழற்றாதே. ஒரு நோட்டுப்புத்தகம் எடு. எப்போது நின்றது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், நிற்கும்போது திரையில் என்ன தெரிந்தது, இந்த மூன்றை மட்டும் எழுது. மூன்று வாரம் கழித்துப் பார்ப்போம்."

மாணவர்களிடம் மிஞ்சிய கோடுபோட்ட நோட்டு ஒன்றை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மே 14, மாலை 4.20. நான். வோர்டில் நான்கு கோப்புகள், பிரௌசரில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள். நீலத் திரை. மெமரி மேனேஜ்மென்ட்." அதற்கு அடுத்த வரி: "மே 15, இரவு 10.15. மகள். காணொளி ஏற்றுமதி பாதியைத் தாண்டியபோது. திரை கறுத்தது. எழுத்து எதுவும் இல்லை. தானே தொடங்கிவிட்டது."

மூன்று வாரத்தில் பதினேழு வரிகள் சேர்ந்தன. அவற்றை வரிசையாகப் படித்த இரவில்தான் நாங்கள் அதுவரை ஏன் திண்டாடினோம் என்பது விளங்கியது. கணினிக்கு ஒரு நோய் என்றே நினைத்திருந்தோம், இருந்தவை இரண்டு. நீலத் திரை வந்த ஒன்பது முறையும் நினைவகத்தைச் சுட்டும் பிழைகள், பெரும்பாலும் என் வேலை நேரத்தில், பல கோப்புகள் திறந்திருந்தபோது. எழுத்தில்லாமல் அணைந்த எட்டு முறையும் மகள் காணொளியை ஏற்றுமதி செய்தபோது, அதாவது செயலியும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து மின்சாரம் இழுக்கும் நேரத்தில். நடந்தவற்றைப் பதிவாகக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் போய்ப் பார்த்தால் அந்த எட்டுக்கும் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருந்தது. ஒழுங்காக மூடப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதுதான் அதன் பொருள். அதை விரித்துப் பார்த்தால் பிழைக்குறி இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம். பிழையைப் பதிவு செய்யக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தேடினால், ஒன்றைச் சரிசெய்த பிறகும் மற்றொன்று வந்து, சரிசெய்ததையே சந்தேகிக்க வைக்கும்.

எதைத் தொடுவதற்கும் முன்பு ஹார்ட் டிஸ்கில் இருந்த எல்லாவற்றையும் வெளியே செருகும் இன்னொரு ஹார்ட் டிஸ்கில் படியெடுத்தேன். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். வேலை நடுவே திடீரென அணையும் கணினியில் கோப்புகள் சிதையும். என் அப்பா பேசிய ஒலிப்பதிவுகள் கணினியின் ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை. படியெடுத்து முடித்துப் பிறகு, அவற்றின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் நலமாகவே இருந்தன.

அடுத்தது சூடு. பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறியது சாம்பிராணி வாசனை. பூஜை மாடம் அதே அறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் போட்ட புகை, விசிறி இறக்கைகளில் பிசுபிசுப்பான பழுப்புப் படலமாகப் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, தொட்டால் கம்பளித் துணி போல் இருந்தது. செயலியின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காற்று போக வழியே இல்லை. காற்றடிக்கும் கருவியால் இந்தப் படலம் போகாது. விசிறியைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வோர் இறக்கையாகத் துடைத்தேன். செயலியின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் வெப்பப் பசை காய்ந்து உதிர்ந்திருந்தது, அதை வழித்துவிட்டுப் புதிது வைத்தேன். இந்தச் செயலிக்கு உச்ச வரம்பு 95 டிகிரி. சுத்தம் செய்யும் முன் கடும் வேலையில் 91 வரை போனது, பிறகு 76க்கு மேல் ஏறவில்லை. கணினியின் இரைச்சல் பாதியானது. ஆனால் அணைவது நிற்கவில்லை. நோட்டில் மேலும் இரண்டு வரிகள் கூடின.

பிறகு ரேம். எங்கள் ரேம் 3200 வேகத்துக்கானது. இந்தச் செயலிக்கு அதன் தயாரிப்பாளர் உறுதி தரும் வேகமோ 2933. ஆகவே முதலில் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமை உயர் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை நிறுத்தி வேகத்தைக் குறைத்தேன். அப்படியும் நீலத் திரை வந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுதும் ஓடவிட்டேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள் வரிசையாக நின்றன. அடுத்த இரண்டு இரவுகளில் ஒவ்வொரு ரேமாகத் தனியே சோதித்தேன். ஒற்றை ரேமை எந்தப் பொந்தில் செருக வேண்டும் என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். எங்களுடையதில் செயலியிலிருந்து இரண்டாவது. ஒரு ரேம் ஒரு பிழையும் இல்லாமல் தேறியது. மற்றொன்று எந்தப் பொந்தில் செருகினாலும் பிழை காட்டியது. ஒரேயொரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக்கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊர் இது. ரேமின் தொடுமுனைகள் மங்கிவிட்டிருக்கும், அழிப்பானால் தேய்த்தால் சரியாகும் என்று பலர் சொன்னார்கள். தேய்க்காமல் ஆல்கஹாலால் துடைத்துச் செருகினேன். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை, சரியாகிவிட்டது என்றே மகிழ்ந்தோம். எட்டாம் நாள் நீலத் திரை வந்துவிட்டது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடுவதை எதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரேமுக்கு வாழ்நாள் உத்தரவாதம் இருந்தது. இரண்டும் ஒரே பொட்டலத்தில் இணையாக வாங்கியவை என்பதால் நல்லதையும் சேர்த்தே அனுப்பச் சொன்னார்கள். மாற்று வரும்வரை தம்பியின் பழைய ரேமில் ஓட்டினோம். புதிய இணை வந்தபின் நான்கு சுற்று மெம்டெஸ்ட், ஒரு பிழையும் இல்லை. அதன்பிறகு நீலத் திரை வரவேயில்லை.

கறுப்புத் திரை மட்டும் விடாமல் வந்தது. இதில்தான் அதிக நாள் செலவானது.

முதலில் சுவர் மின்னிணைப்பைச் சந்தேகித்தேன். அறைக் குளிர்சாதனம் உயிர்பெறும் நேரத்தில் விளக்கு ஒரு நொடி மங்குவதுபோல் தோன்றியதே காரணம். கணினியைக் கூடத்துக்குத் தூக்கிப் போய், நீட்டிப்புக் கம்பி இல்லாமல் நேரே சுவரில் செருகி, குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுக் காணொளியை ஏற்றுமதி செய்யச் சொன்னேன். அங்கேயும் அணைந்தது. சுவர்மேல் பழி போட முடியவில்லை.

பவர் சப்ளைதான் என்று தம்பி அடித்துச் சொன்னான். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரோடு வந்தான். பவர் சப்ளையின் நான்கு முனை இணைப்பியில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், கறுப்பு பூச்சியம் (கிரவுண்ட்). சும்மா இருக்கும்போது 12.1 காட்டியது. வேலை ஏற ஏற 11.6 வரை இறங்கியது. கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தரப்படி ஐந்து விழுக்காடு ஏறி இறங்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை சரி. எண் வரம்புக்குள் இருந்ததால் நான் ஓய்ந்துபோனேன்.

"அக்கா, இந்த மீட்டர் சராசரியைத்தான் காட்டும். கிராபிக்ஸ் கார்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குத் திடீரென்று இழுக்கும். அந்தப் பள்ளத்தை இதால் பார்க்க முடியாது. வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்" என்றான்.

தன் கணினியிலிருந்த 550 வாட் பவர் சப்ளையைக் கழற்றிக் கொண்டுவந்தான். கூடவே அதன் கம்பிகள் அத்தனையும். நான் பழைய கம்பிகளையே வைத்துக்கொள்ளலாமே என்றேன். பதறிவிட்டான். கழற்றி மாட்டும் வகைக் கம்பிகள் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தாலும், பவர் சப்ளை பக்கத்து முனை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். தவறாகச் செருகினால் ஹார்ட் டிஸ்குக்குப் போக வேண்டிய 5 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் போய் எல்லாம் கருகிவிடும். எத்தனையோ பேர் தரவை இழந்தது இப்படித்தான். பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்கவும் அவன் விடவில்லை. செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கும்.

அவனுடையதை மாட்டிய பின் பத்து நாள், பதினான்கு ஏற்றுமதிகள், ஒன்றிலும் அணையவில்லை. நான் அதோடு புதிது வாங்கக் கிளம்பிவிட்டேன். தம்பி தடுத்தான். பழையதைத் திரும்ப மாட்டச் சொன்னான். மாட்டிய இரண்டாம் இரவு, 10.40க்கு, கணினி அணைந்தது. மகள் அறையிலிருந்து, "அம்மா, வந்துவிட்டது!" என்று கத்தினாள். நான்கு மாதத்தில் கணினி அணைந்ததற்காக நாங்கள் மகிழ்ந்தது அன்று மட்டும்தான். கடை ஊழியர்கள் செய்யாததும், நானாக இருந்தால் செய்திருக்காததும் இந்தத் திரும்ப மாட்டிப் பார்க்கும் படிதான்.

பழைய பவர் சப்ளையைக் கழற்றும்போது என் கண்ணில் பட்டது வேறொன்று. எங்கள் பெட்டியில் அது அடியில் இருக்கிறது, விசிறி கீழ்நோக்கி. தரை கீறக்கூடாது என்று பெட்டிக்கு அடியில் தடித்த கால்மிதி ஒன்றைப் போட்டிருந்தேன். மூன்று ஆண்டுகளாக அந்த விசிறி மூச்சுவிட்டது கால்மிதிக்குள். மின்பகுளிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழைய கணக்கு. அந்தக் கால்மிதிதான் அதைத் தின்றது என்று நான் நம்புகிறேன். பெட்டி இப்போது நான்கு கால் உள்ள மரப்பலகைமேல் நிற்கிறது.

புதிதாக வாங்கியது 650 வாட், ஏழாண்டு உத்தரவாதம், 128 வெள்ளி. '80 பிளஸ் கோல்டு' முத்திரை உண்டு. ஆனால் அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறது, திடீர்ச் சுமையைத் தாங்குமா என்பதைச் சொல்லாது. நான் உத்தரவாத ஆண்டுகளைப் பார்த்தே வாங்கினேன். மெம்டெஸ்ட் இலவசம், ரேமுக்கும் செலவில்லை. கடைக்குக் கொடுத்த 60 வெள்ளியையும் பசை, ஆல்கஹால் செலவையும் சேர்த்தால் எல்லாம் 205 வெள்ளி. பழைய பவர் சப்ளையை மின்கழிவாக ஒப்படைத்துவிட்டோம்.

இது நடந்தது 2022 ஆகஸ்டில். மூன்று ஆண்டு கடந்துவிட்டது. கணினி ஒரு முறைகூடத் தானாக அணையவில்லை. 2024இல் கடிகாரம் மட்டும் தினமும் பின்னுக்குப் போனது. மதர்போர்டிலிருந்த சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில் வாங்கி ஐந்து நிமிடத்தில் மாற்றினேன். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவதற்கு முன்பு விண்டோஸ் 11க்கு மாறினோம். ரைசன் 5 2600 அதற்குத் தகுதியான பட்டியலில் இருக்கிறது, பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை மட்டும் இயக்கிவிட வேண்டியிருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை விசிறிகளைத் துடைக்கிறேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கணினியை அணைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திவிடுகிறேன்.

நோட்டு இன்னும் விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசி வரி போன வாரம் எழுதியது: "காலை 9.05. கணினியைத் தொடங்கியதும் கிராபிக்ஸ் கார்டின் வலப்பக்க விசிறியில் கரகரவென்ற சத்தம். அரை நிமிடத்தில் நின்றது. வெப்பம் 41."