அப்பாரையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கப்பலேறுவது: மும்பையா, சென்னையா, சிங்கப்பூரா, ஆலப்புழைப் படகு வீடே போதுமா?

கொரோனா போன்ற தொற்றுக்காக நோய்க்கட்டுப்பாடு இருக்கும் காலத்தில் குடும்பத்தோடு கப்பலேற நினைக்கும் கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு ஐந்து வழிகள் உண்டு. மும்பையிலிருந்து கோவா போய்வரும் கப்பல், சென்னையில் கிளம்பும் கப்பல், சிங்கப்பூர்க் கப்பல், கொச்சியிலிருந்து லட்சத்தீவு, இவற்றோடு போட்டிக்கு நிற்கும் ஆலப்புழைப் படகு வீடு. விளம்பரத்தில் நீச்சல்குளத்தையும் பஃபே சாப்பாட்டையும் வைத்து ஒப்பிடுவார்கள். கட்டுப்பாட்டுக் காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: நம்மில் ஒருத்தருக்குப் பாசிட்டிவ் என்று வந்தால், அந்த இடத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம், யார் கூட இருப்பது, எத்தனை நாள்?

2022-க்குப் பிறகு பெரும்பாலான கட்டுப்பாடுகள் விலகிவிட்டன. ஆனாலும் கப்பல் டிக்கெட்டின் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஏற்ற மறுக்கவும், ஏறிய பிறகு அறையிலேயே தனிமைப்படுத்தவும் நிறுவனத்துக்கு உரிமை இருக்கும். கொரோனா இல்லாவிட்டாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் கப்பல்களில் அடிக்கடி பரவுவதுதான். அதனால் இந்தக் கணக்கு இன்னொரு அலை வந்தால் மட்டும் தேவைப்படுவதல்ல.

கப்பலில் மாட்டினால் என்ன ஆகும்

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி வைத்தார்கள். உள்ளே 3,711 பேர். 700-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. பயணிகள் இரண்டு வாரம் அறைக்குள்ளேயே அடைபட்டார்கள். நமக்குப் பக்கத்து உதாரணம் 2022 ஜனவரியில் நடந்தது. புத்தாண்டுக்கு மும்பையிலிருந்து கோவா போன கோர்டிலியா நிறுவனத்தின் கப்பலில் ஊழியர் ஒருவருக்குத் தொற்று தெரிந்தது. மர்மகோவா துறைமுகத்தில் 2,000 பேருக்கு மேல் பரிசோதித்ததில் 66 பேருக்குப் பாசிட்டிவ். கோவாவில் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் கப்பலோடு மும்பைக்கே திரும்பினார்கள்.

ஏறும் முன் எல்லாரையும் பரிசோதித்தும் இப்படி ஆவதற்குக் காரணம், தொற்று உடலுக்குள் போன நாளுக்கும் அது வெளியே தெரியும் நாளுக்கும் உள்ள இடைவெளி. கொரோனாவின் முதல் வடிவத்துக்குச் சராசரியாக 5 நாள், ஒமிக்ரானுக்கு 3 நாள் பக்கம். புதன்கிழமை ஒரு கல்யாண வீட்டில் ஒட்டிக்கொண்ட தொற்று வியாழக்கிழமைப் பரிசோதனையில் தெரியாது. சனிக்கிழமை கப்பலேறியதும் தொண்டை கரகரக்கும். ஆகவே இரண்டு இரவுப் பயணத்துக்கும் ஐந்து இரவுப் பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் பணம் மட்டும் இல்லை. இரண்டு இரவு என்றால், கப்பலில் ஒட்டியது பெரும்பாலும் வீடு வந்த பிறகுதான் தெரியும். ஐந்து இரவு என்றால் நடுக்கடலிலேயே தெரியும். கட்டுப்பாட்டுக் காலத்தில் முதல் தடவை போகிற குடும்பம் இரண்டு இரவுக்கு மேல் போடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கிளம்புவதற்கு முந்தின ஐந்து நாள் சீர், கல்யாணம், கோயில் நோம்பி எல்லாவற்றையும் தள்ளிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பரிசோதனை மட்டும் எடுப்பதால் பெரிய பலன் இல்லை.

48 மணி நேரக் கணக்கு: மும்பை இங்கேதான் தோற்கிறது

கப்பலேற ஆர்டி-பிசிஆர் (கொரோனாவுக்கான ஆய்வகப் பரிசோதனை) 48 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றால், அந்த நேரம் மாதிரி எடுத்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. ரிப்போர்ட் கைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. பலர் தடுமாறுவது இங்கேதான்.

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஏற்றம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதிரியை வியாழன் மாலை 4 மணிக்குப் பிறகுதான் கொடுக்கலாம். ரிப்போர்ட் வர 12 முதல் 24 மணி நேரம். வெள்ளி மாலைக்குள் கையில் இருக்கும். சென்னைக் கப்பல் என்றால் ரிப்போர்ட்டோடு வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸிலோ நீலகிரி எக்ஸ்பிரஸிலோ ஏறிக் காலையில் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து துறைமுகம் பக்கம். ஈரோட்டில் யாருக்காவது பாசிட்டிவ் என்று தெரிந்தாலும் வீட்டிலேயே தெரியும், அப்படியே நின்றுவிடலாம்.

மும்பைக்கு ரயில் என்றால் கோவையிலிருந்து குர்லா போக 30 மணி நேரத்துக்கு மேல். வெள்ளி காலை ஏறினால் சனி மாலைக் கப்பலைப் பிடிக்கவே முடியாது. வியாழன் காலை ஏறினால் அதற்கு முன்பு கொடுத்த மாதிரி சனி மாலைக்குள் காலாவதி ஆகிவிடும். மும்பையில் இறங்கி அங்கேயே பரிசோதனை எடுக்க வேண்டும். அங்கே பாசிட்டிவ் வந்தால் தெரியாத ஊரில், ஹோட்டல் அறையில் மாட்டிக்கொள்வோம். 2022 ஜனவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, லேசான தொற்று உள்ளவருக்கு வீட்டுத் தனிமை பாசிட்டிவ் வந்த நாளிலிருந்து குறைந்தது 7 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். மும்பையில் அந்த ஒரு வாரத்துக்கு ஆகும் அறை வாடகையும் சாப்பாடும் கப்பல் டிக்கெட்டை எட்டிவிடும். எனவே மும்பைக் கப்பலுக்குப் போவதென்றால் கோவையிலிருந்து நேரடி விமானம் ஒன்றுதான் வழி. ஆறு பேருக்கு இரு வழி விமானக் கட்டணத்தைச் சேர்த்துவிட்டுத்தான் சென்னையோடு விலையை ஒப்பிட வேண்டும். கப்பல் கட்டணத்திலும் துறைமுகக் கட்டணம், சேவைக்கட்டணம், ஜிஎஸ்டி தனியாக ஏறும். விளம்பர விலையை நம்பாதீர்கள்.

ரிப்போர்ட்டில் இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது: இனிஷியல். லேபில் எஸ். செந்தில்குமார், ஆதாரில் செந்தில்குமார் எஸ், பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியம் செந்தில்குமார் என்று மூன்று விதமாக இருந்தால் கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். மாதிரி கொடுக்கும்போதே கையில் இருக்கும் அடையாள அட்டையைக் காட்டி, அதிலுள்ள எழுத்துப்படியே பதியச் சொல்லுங்கள். எஸ்ஆர்எஃப் எண்ணும் (மாதிரிக்குத் தரும் அடையாள எண்) கியூஆர் கோடும் இருக்கிறதா, மாதிரி எடுத்த தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நேரம் இல்லாத ரிப்போர்ட் 48 மணி நேர விதிக்குப் பயன்படாது.

சமீபத்தில் தொற்று வந்து குணமானவருக்கு ஆர்டி-பிசிஆர் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். அவர் பரப்புவது நின்றிருக்கும், ஆனால் ரிப்போர்ட் பாசிட்டிவ் என்றே வரும். பழைய பாசிட்டிவ் ரிப்போர்ட்டும் மருத்துவர் கடிதமும் ஏற்றுக்கொள்வார்களா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் துறைமுகத்தில் எடுபடாது.

எந்த மாதம், எந்தக் கடல்

சென்னைக்கு எல்லா மாதமும் ஜெயம் இல்லை. திருப்பூர்க் குடும்பங்களுக்குப் பெரிய விடுமுறை தீபாவளிதான். பனியன் கம்பெனிகள் அப்போதுதான் ஒட்டுமொத்தமாக மூடுகின்றன. அது வடகிழக்குப் பருவமழைக் காலம், வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம். அந்த வாரத்தில் சென்னைப் பக்கத்துக் கடலை நம்பி பத்துப் பேருக்கு டிக்கெட் போடுவது சரியல்ல. தீபாவளிக்கு அரபிக்கடலே மேல். ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்படியே தலைகீழ்: தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும், சென்னைப் பக்கம் அமைதி. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டிலியா கப்பல் கிளம்பியதும் இந்தக் கணக்கில் பொருந்துகிறது. அந்தப் பயணத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. அங்கே அனுமதி கிடைக்கவில்லை. துறைமுகம் மாறினால் பணம் திரும்ப வருமா என்ற நிபந்தனையையும் படித்துவிட்டுப் போடுங்கள். கட்டுப்பாட்டுக் காலத்தில் ஊர்கள் கப்பலை மறுப்பது கூடுதலாகவே நடக்கும்.

அறை எடுப்பது

நான்கு பேர் ஒரே அறையில் படுத்தால் மலிவு. ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் மற்ற மூவரும் அவரோடு நெருங்கி இருந்தவர்கள் என்று கணக்காகும், நான்கு பேரும் அடைபடுவார்கள். அப்பாரும் ஆத்தாவும் ஓர் அறை, பெற்றோரும் குழந்தைகளும் பக்கத்து அறை என்று பிரிப்பதே சரி. ஜன்னல் இல்லாத உள் அறையை இந்தக் காலத்தில் எடுக்கவே வேண்டாம். டைமண்ட் பிரின்சஸில் உள் அறைக்காரர்களை முறை வைத்துக் கொஞ்ச நேரம் மட்டும் மேல்தளத்துக்கு விட்டார்கள். பால்கனி இருந்தவர்களுக்கு எந்நேரமும் காற்று கிடைத்தது. கோர்டிலியாவின் எம்ப்ரஸ் 1990-இல் கட்டிய கப்பல். அறைகள் சிறியவை, பால்கனி அறைகள் குறைவு. முன்கூட்டியே போட்டால்தான் கிடைக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று. இந்தியாவில் 15 முதல் 18 வயதினருக்கு 2022 ஜனவரி 3-லும், 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16-லும் தடுப்பூசி தொடங்கியது. அதற்குக் கீழே தேசியத் திட்டம் இறங்கவில்லை. தடுப்பூசி போடாத சின்னக் குழந்தைக்கு விளையாட்டு அறை, நீச்சல்குளம் திறந்திருக்குமா என்று கேட்காமல் போனால், முழுப் பணமும் கட்டிவிட்டு நாள் முழுக்கத் தாழ்வாரத்தில் அலைய நேரும்.

சிங்கப்பூரும் லட்சத்தீவும்

சிங்கப்பூரை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 2020 கடைசியில் அங்கே ஓடிய எங்கும் நிற்காத கப்பல்கள், பாதி ஆட்களோடு, பரிசோதனையோடு, ஒழுங்காகத்தான் நடந்தன. ஆனால் அவை அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். கோவையிலிருந்து நேரடி விமானம் இருந்தாலும், கப்பல் மலேசியா போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைய விசா செல்லுமா என்று பார்க்க வேண்டும், மலேசியாவுக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், வெளிநாட்டு மருத்துவக் காப்பீடும் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடு முழுதும் விலகிய பிறகு போக வேண்டிய இடம் அது.

லட்சத்தீவு கட்டுப்பாட்டுக்குப் பேர்போனது. 2021 ஜனவரி வரை அங்கே ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. நுழைய அனுமதிச்சீட்டும், அந்தக் காலத்தில் பரிசோதனைச் சான்றும் வேண்டும். கப்பல் கிளம்பும் கொச்சி கோவையிலிருந்து 190 கி.மீ. என்பது பெரிய வசதி. வயசாளிகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் கப்பலின் பக்கக் கதவிலிருந்து ஆடும் சிறு படகுக்குக் காலெடுத்து வைக்க வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கும். ஊழியர்கள் கையைப் பிடித்து, படகு மேலே வரும் கணம் பார்த்து இறக்குவார்கள். முழங்கால் வலி உள்ள அமுச்சிக்கு இது முடியாத காரியம்.

ஆலப்புழைப் படகு வீடு

கட்டுப்பாட்டுக் காலத்தில் கலப்புக் குடும்பத்துக்கு, அதாவது 60 தாண்டியவரும் 12-க்குக் கீழானவரும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு, எங்கள் தேர்வு இதுதான். வெளியாள் மூன்று பேர்தான்: ஓட்டுநர், சமையல்காரர், உதவியாளர். கப்பலில் ஆயிரம் பேர் மூச்சுவிடும் தாழ்வாரமும் லிஃப்டும் இங்கே இல்லை. முன்பக்கம் திறந்த வெளி. கோவையிலிருந்து 245 கி.மீ. பக்கம், காரில் ஐந்தாறு மணி நேரம். ஒருவருக்குக் காய்ச்சல் அடித்தால் அடுத்த கரையில் இறங்கி, சொந்தக் காரிலேயே வீடு வந்துவிடலாம். இந்த ஒன்றுக்காகவே மற்ற நான்கையும் இது வெல்கிறது.

குறையும் உண்டு. பகல் 12 மணிக்கு ஏற்றி மறுநாள் காலை 9-க்கு இறக்கிவிடுவார்கள். மாலை 5.30 வாக்கில் கரையோரம் கட்டிவிடுவார்கள். இரவில் மீனவர் வலை விரிப்பதால் ஓட்டக் கூடாது. சாதாரணப் படகுகளில் ஏசி இரவு 9 முதல் காலை 6 வரைதான். ஏசியை நம்பி நாலு அறையையும் அடைத்துக்கொண்டு படுப்பதைவிட ஜன்னல் வலை சரியாக இருக்கிற படகாகக் கேளுங்கள். காற்றும் வரும், கொசுவும் வராது. முன்பதிவுக்கு முன் படகின் பதிவு எண், அனுமதிக்கப்பட்ட ஆட்கள் எண்ணிக்கை, எல்லா அளவிலும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 2023 மே 7-இல் மலப்புறம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். "இன்னும் ரெண்டு பேர் ஏறிக்கலாமுங்க" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

எல்லையையும் கணக்கில் எடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருபவர்களிடம் தமிழ்நாடு ஆர்டி-பிசிஆர் அல்லது இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்று கேட்டது. போகும்போது யாரும் மறிக்கவில்லையே என்று நினைத்துத் திரும்பும்போது வாளையாறில் சிக்கியவர்கள் உண்டு. பொள்ளாச்சிக்காரர்கள் கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாக வந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. அங்கேயும் சோதனைச்சாவடி உண்டு. சான்றுகளை அச்சிட்டு ஒரு கவரில் போட்டுக் காரின் முன்பக்கம் வையுங்கள், வழியில் சிக்னல் போய்விடலாம்.

எல்லாரும் தடுப்பூசி போட்ட பெரியவர்களும் காலேஜ் பிள்ளைகளும்தான் என்றால் ஜூன்–செப்டம்பரில் சென்னை இரண்டு இரவு, தீபாவளிக்கு விமானத்தில் மும்பை. எதுவானாலும் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று முன்பே பெயர் குறித்துவிடுங்கள்: குழந்தைக்குப் பாசிட்டிவ் வந்தால் கூட நிற்பவர் அவர், மற்றவர்கள் ஊர் திரும்புவார்கள். ஆக்சிமீட்டர், வெப்பமானி, ஆளுக்கு இரண்டு ஆன்டிஜென் கிட் (நாமே பரிசோதித்துப் பார்ப்பது), பத்து நாளுக்கான சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டால் அறைக்கு வந்து சேர இரவாகிவிடும். உடல்நலக் காப்பீடு இந்திய எல்லைக்குள் மட்டும் என்று எழுதியிருந்தால், 12 கடல் மைல் தாண்டிய கப்பலில் பார்க்கும் வைத்தியத்துக்குப் பணம் தருவார்களா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.