ஆடிக் கிருத்திகைக்கு வாங்கிய கீட்டோன் ஸ்ட்ரிப்

ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருந்து ரத்தினகிரி ஏறுவது எங்கள் வீட்டு வழக்கம். முந்தின நாள் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டால் கிருத்திகை முழுக்க எனக்குத் தண்ணீர்தான், மறுநாள் காலையில்தான் இட்லி. வயிறு காலியாக இருக்கும்போது உடம்பு எதை எரிக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று இந்த முறை சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக்கடையில் கீட்டோன் ஸ்ட்ரிப் வாங்கினேன். கொழுப்பு எரியும்போது உடம்பில் உண்டாகும் பொருள்தான் கீட்டோன், அது சிறுநீரில் இருந்தால் குச்சி நிறம் மாறும். டப்பாவில் 50 குச்சி. சிறுநீரில் நனைத்து, 15 விநாடி கழித்து டப்பா மேலிருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் 12 மணிக்கு நிறம் மாறவே இல்லை. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, இருப்பு உண்டு, ரத்தச் சர்க்கரை இறங்காமல் முதலில் அதுதான் தாங்குகிறது. (தசையில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கிறது, ஆனால் தசை அதை ரத்தத்துக்குத் தராது, சரியான கஞ்சன்.) இருப்பு குறையக் குறையக் கொழுப்பு கரைந்து வரும், கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் செய்யும், மூளையும் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்துக்கொள்ளும். சிவப்பணுக்களுக்கு அது ஆகாது, சர்க்கரையேதான் வேண்டும். அதை லாக்டேட், கிளிசரால், புரதம் என்று கிடைத்ததிலிருந்து கல்லீரலே புதிதாகச் செய்து கொடுக்கிறது.

சாயங்காலம் மலை இறங்கி வந்து பார்த்தால் இளம் ரோஜா நிறம். மறுநாள் காலை, கிட்டத்தட்ட நாவல்பழம்! மதியம் பாலும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்ட அம்மாவுக்குக் குச்சி அசையவில்லை. “நான் இருந்த விரதம் முருகனுக்குத் தெரியும், குச்சிக்குத் தெரிய வேணாம்” என்றார்.

குறை இதுதான்: குச்சி பிடிப்பது அசிட்டோஅசிடேட் என்ற ஒரு வகைக் கீட்டோனை மட்டும். விரதம் நீள நீள ரத்தத்தில் அதிகமாக இருப்பது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்ரேட் என்ற இன்னொரு வகை, அது இதில் தெரியாது. அதோடு வேலூர் வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகி நிறம் கூடுதலாகக் காட்டும். ஆகவே எவ்வளவு கொழுப்பு கரைந்தது என்று இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இதை விளையாட்டாக எடுக்கவே கூடாது, அவர்களுக்குக் கீட்டோன் ஏறினால் அது ஆஸ்பத்திரி விஷயம்.

ஒருமுறை வேடிக்கை பார்க்க நல்ல பொருள், 5க்கு 3 தருவேன். மூடியை இறுக்கி மூடுங்கள், பாத்ரூமில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் போச்சு. நான் செலவழித்தது 9 குச்சி, சின்ன டப்பா கேட்டு வாங்கியிருக்கலாம்.