கிரைண்டரில் எதைச் சேர்ப்பது: மதிப்பெண், கானோ, கான்ஜாயின்ட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டேபிள்டாப் கிரைண்டர் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, அடுத்த மாடலில் தேங்காய்த் துருவியைச் சேர்ப்பதா, டைமர் வைப்பதா, சத்தம் குறைந்த மோட்டாருக்குச் செலவழிப்பதா என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் விருப்பத்தை அறிய அதன் முன் மூன்று வழிகள் உள்ளன.

ஒவ்வொரு வசதிக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பது எளிய வழி. வேண்டும் என்று சொல்வதற்குக் காசு செலவில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் நான்கும் ஐந்துமாக விழும். எதை விடலாம் என்பது தெரியவராது.

ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோவும் சக ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட முறை, ஒரு வசதி இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று இரண்டு கேள்விகள் கேட்கிறது. இரண்டாம் கேள்விதான் உயிர்நாடி. சுவருக்கு அப்பால் குழந்தை தூங்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு ஒன்பது மணிக்கு மாவு அரைப்பவர், சத்தம் குறைந்தால் அதைத் தனியாகப் பாராட்டாமல் போகலாம். குறையாவிட்டால் நிச்சயம் எரிச்சலடைவார். இதுவே அடிப்படைத் தேவை. டைமர் இல்லையென்று எவரும் குறைபடாமல், இருந்தால் மட்டும் மகிழ்ந்தால் அது கவரும் அம்சம். இன்று கவர்வது காலப்போக்கில் அடிப்படைத் தேவையாகிவிடும் என்பதால், இக்கேள்விகளை மாடலுக்கு மாடல் திரும்பக் கேட்க வேண்டும். ஆனால் விலையைப் பற்றி இம்முறை எதுவும் சொல்வதில்லை.

பால் கிரீன், விதலா ராவ் என்ற ஆய்வாளர்கள் 1971இல் எழுதிய கட்டுரை வழியே சந்தையியலில் வேரூன்றிய கான்ஜாயின்ட் முறை, விலையையும் சேர்த்த முழுப் பொருள்களை அட்டைகளில் எழுதித் தரவரிசைப்படுத்தச் சொல்கிறது. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க நேர்வதால் உண்மையான விருப்பம் வெளிப்படுகிறது. கொள்ளளவு, துருவி போன்ற இணைப்புக் கருவி, உத்தரவாதம், விலை ஆகிய நான்குக்கும் மும்மூன்று தெரிவுகள் என்றால் 81 சேர்க்கைகள் வரும். ஒரு வசதியின் மதிப்பை மற்றொன்று மாற்றுவதில்லை என்று கொண்டால், அவற்றில் முறைப்படி தேர்ந்த 9 சேர்க்கைகளை மட்டும் அட்டைகளாகத் தந்தால் போதும். மாரியட் நிறுவனம் தன் கோர்ட்யார்டு விடுதிகளை வடிவமைக்கக் கையாண்டது இம்முறையைத்தான். ஆனால் இதற்குப் புள்ளியியல் அறிந்தவர் வேண்டும், போதிய எண்ணிக்கையில் பதிலளிப்பவர்களும் வேண்டும்.

அம்பத்தூர் நிறுவனத்துக்கு நான் கானோவையே முதலில் பரிந்துரைப்பேன். இரண்டு வசதிகள் எஞ்சி, எதற்கு எவ்வளவு விலை கூட்டலாம் என்ற கேள்வி வரும்போது கான்ஜாயின்ட்டுக்குச் செலவழிக்கட்டும். எந்த முறையானாலும், தி.நகர்க் கடையில் பணம் செலுத்துபவரிடம் மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல், வீட்டில் மாவை வழித்து, கல்லைத் தூக்கிக் கழுவி வைப்பவரிடம் கேட்க வேண்டும்.