எவர்சில்வர் வீட்டில் ஒரு மைக்ரோவேவ்

மதிய டியூட்டி முடிந்து உறையூர் வீட்டுக்கு நான் வந்து சேர இரவு பத்தாகிவிடும். அந்த நேரத்தில் ஆறிப்போன குழம்பை அடுப்பில் ஏற்றி, அடிப்பிடித்த சட்டியையும் தேய்க்க வேண்டும். அந்த அலுப்பில்தான் இரண்டு வருடத்துக்கு முன் இந்த 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவை வாங்கினேன். கிரில், கேக் எதுவும் வராது. சுடவைக்கும், வேகவைக்கும். எனக்கு அது போதும்.

மெஷின் மேல் பெரிய குறை இல்லை. சிக்கலெல்லாம் எங்கள் பாத்திர அலமாரியில். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தயிர்க் கிண்ணம் வரை அத்தனையும் எவர்சில்வர். பாதியில் அத்தையின் பெயர் வெட்டியிருக்கும். ஒன்றையும் உள்ளே வைக்க முடியாது. வாங்குகிறவர்கள் மெஷின் விலையோடு நாலு கண்ணாடிப் பாத்திரத்தின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எவர்சில்வர் உள்ளே ஆகாது என்பதை அத்தை முதல் நாளே புரிந்துகொண்டார். ஏமாந்தது நான்தான். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பை, விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. பீங்கான்தானே என்று பாலை ஊற்றி வைத்தேன். சில வினாடியில் கோடு நெடுகப் பொறி பறந்தது. அந்தக் கோடும் உலோகம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. மெலமைன் தட்டும் ஆகாது. சோறு சூடாகுமுன் தட்டு கையைச் சுடும்.

தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை. வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் வைத்தால் சில சமயம் குமிழே வராமல் கொதிநிலையைத் தாண்டிவிடும். சர்க்கரை போட்டதும் பொங்கிக் கையில் ஊற்றும். வார்டில் வெந்நீர்க் காயம் நிறையப் பார்த்தவள் நான். ஒரு மரக்குச்சியைப் போட்டுத்தான் வைப்பேன், எடுக்குமுன் அரை நிமிடம் விட்டுவிடுவேன். முட்டையை ஓட்டோடு வைக்கவே வேண்டாம். அவித்து உரித்த முட்டையும் வெடிக்கும்.

இட்லிக்குத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி மூடி 40 வினாடி. கூடினால் ரப்பர். சோற்றை நடுவில் ஒருமுறை கிளறாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடுவில் சில்லென்றிருக்கும். அப்பளம் மட்டும் எண்ணெயே இல்லாமல் அருமையாகப் பொரிகிறது. அதற்காகவே அரை மார்க் கூடுதல்.

வாங்கிய எட்டாவது மாதம் ஒருநாள் உள்ளே சடசடவென்று சத்தம், கருகல் வாடை. மூடாமல் வைத்த சாம்பார் பக்கச் சுவரில் இருக்கும் மைக்கா தகட்டில் தெறித்துத் தெறித்து, கருகி ஓட்டை விழுந்திருந்தது. தகடு மலிவுதான். ஆனால் சர்வீஸ் ஆள் வர ஒன்பது நாள். இப்போது எதையும் மூடி போட்டுத்தான் வைக்கிறேன், ஆவி போக ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டு. மெஷினை நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

பெட்டியில் 800 வாட் என்று போட்டிருக்கும். அது உணவுக்குப் போகிற கணக்கு. கரண்ட் இழுப்பது 1200 வாட்டுக்குப் பக்கம். மிக்ஸி செருகும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம், தனி 16 ஆம்பியர் பாயின்ட் போடுங்கள்.

எதிர்வீட்டு அக்கா, "கதிர்வீச்சு வரும்டி" என்று இன்னமும் பயப்படுகிறார். எக்ஸ்ரே வேறு, இது வேறு. இதன் அலைநீளம் சுமார் 12 செ.மீ. கதவு வலையின் பொடித் துளைகள் வழியே அது தப்பி வராது. கதவைத் திறந்ததும் நின்றும் விடும். கதவு கோணினாலோ கீல் ஆடினாலோ மட்டும் சரிசெய்யும் வரை தொடாதீர்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்று போனது பீப் சத்தத்தால். கதவைத் திறக்கும் வரை கத்துகிறது, அணைக்க வழியே இல்லை. அத்தை விழித்துக்கொள்வாரே என்று, ஒரு வினாடி பாக்கி இருக்கும்போதே கதவை இழுத்துவிடுகிறேன்.